ஒன்று நாற்பது

1.

இந்தக் கதைக்கு முன்பு ஒரு கடிதம் இருந்தது. எழுதியவள் நான். கையொப்பம் லக்சனாவுடையது. கடிதத்துக்குள் வைக்க முடியாதவை மேசையில் மிஞ்சிக் கிடந்தன. அவற்றை வைத்துக் கதை எழுதலாம் என்று நினைத்தேன். நினைத்தபடி வரவில்லை. வந்த அளவு இங்கே இருக்கிறது.

நான் திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். ஓய்வு பெற்றபின் கதை எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் கதையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடிதம் எழுதித் தரச்சொல்லித்தான் வருவார்கள்.

லக்சனா ஒரு தாதி. வயது இருபத்தொன்பது. ஊர் சல்லி. நகரத்தில் உள்ள ஒரு வைத்தியசாலையில்* ஆண்கள் சத்திரசிகிச்சை வாட்டில் வேலை. அவரை என்னிடம் கூட்டிவந்தவர் ஷிஃபானா. அவரும் அதே வாட்டில் தாதி, தோப்பூர்க்காரி, என் பக்கத்து வீட்டில் அறை எடுத்திருக்கிறார்.

"அன்ரி, இவளுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க," என்றார் ஷிஃபானா. "வாசிக்கிறவன் அழணும்."

"ஒருத்தரும் அழத் தேவையில்லை," என்றார் லக்சனா. "நடந்ததை எழுதினாக் காணும்."

(நடந்ததை மட்டும் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது நான் சொல்லவில்லை.)

* இந்த வைத்தியசாலையைத் தேடவேண்டாம். அது நான் கட்டியது. ஆட்களின் பெயர்களையும் மாற்றினேன். லக்சனா தன் பெயரை மாற்றவேண்டாம் என்றார். அதையும் மாற்றினேன்.

2.

முதல் தொடக்கம்:

"துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. வாட் யன்னலருகே நின்ற லக்சனா, கடலைப் பார்த்தபடி"

இந்த வரியை லக்சனாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எங்கட வாட் யன்னலால கடல் தெரியாது அன்ரி. தண்ணித்தாங்கிதான் தெரியும். யன்னலடியில நிக்கிறதுக்கு நேரமும் இல்லை."

இரண்டாவது: "வெள்ளைச் சீருடையில் ஒரு"

இதை வாசித்துக் காட்டவே இல்லை.

மூன்றாவது: "நியாயம் என்றால் என்ன?" கச்சேரியில் இருந்தவள் இப்படித் தொடங்கக்கூடாது. நியாயம் என்ற சொல்லை நான் விண்ணப்பங்களில் மட்டும் பார்த்திருக்கிறேன். பதில்களில் பார்த்ததில்லை.

நான்காவது நின்றது:

அந்த வாட்டில் பன்னிரண்டு மணி ஊசி எப்போதும் பன்னிரண்டு மணிக்கே போடப்படும். பன்னிரண்டரைக்குப் போட்டாலும் சரி, ஒன்றே காலுக்குப் போட்டாலும் சரி.

விளக்குகிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு டிக்கட் உண்டு. நோய், மருந்து, மருந்து கொடுத்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். மருந்து கொடுத்த தாதி நேரத்தை எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டும். முப்பத்தெட்டு நோயாளிகள், நான்கு தாதிகள். எல்லா மருந்தையும் பன்னிரண்டு மணிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் டிக்கட்டில் பன்னிரண்டு என்று எழுத முடியும். எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. பொய் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அது ஒரு வழக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை லக்சனா 1.40 என்று எழுதினார்.

3.

அன்று பதினொன்று நாற்பத்தைந்துக்கு வாட்டில் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் வாட்டுக்குப் பொறுப்பான கிறிஸ்டின் சிஸ்டர். பெண்கள் வாட்டிலிருந்து டொக்டர் பேசினார். ஒரு நோயாளி சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிட மறுக்கிறார். ஏன் என்று விளங்கவில்லை. நோயாளிக்குத் தமிழ் மட்டும் தெரியும். டொக்டருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும்.

"லக்சனா, ஒருக்கா அங்க போட்டு ஓடி வா பிள்ளை," என்றார் சிஸ்டர். "பத்து நிமிசம்."

இது புதிதல்ல. வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் பதவி ஒன்று உண்டு. அலுவலகத்தில் அவருக்கு மேசையும் கதிரையும் உண்டு. ஆள் இல்லை. இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்த தாதிகள் வைத்தியசாலை முழுவதிலும் மூன்று நான்கு பேர்; ஒரு கடமை நேரத்தில் இருப்பது பெரும்பாலும் ஒருவர். அவர்களை எந்த வாட்டும் கூப்பிடலாம். லக்சனா ஒரு நாளைக்கு நான்கு ஐந்து தரம் போவார். அது கடமை ரோஸ்டரில் இல்லை. டிக்கட்டில் இல்லை. எங்கும் இல்லை. போன நேரத்தில் அவருடைய வரிசையில் உள்ள பத்துக் கட்டில்கள் அவருக்காகக் காத்திருக்கும். மற்றவர்களுக்கு அவரவர் வரிசை.

ஒரு மொழி மட்டும் தெரிந்தவர் தன் வேலையைச் செய்து முடித்து வீட்டுக்குப் போகலாம். இரண்டு தெரிந்தவருக்கு வேலையும் இரண்டு. (இந்த வரியைக் கடிதத்தில் போட்டேன். லக்சனா வெட்டிவிட்டார். "படத்தில வாற வசனம் மாதிரி இருக்கு" என்றார்.)

பெண்கள் வாட்டில் பத்து நிமிடத்தில் முடியவில்லை. அந்தப் பெண் பயப்படவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு மாதம் பாரம் தூக்கக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் மாமியார் படுக்கையில். அவரைத் தூக்கிக் குளிப்பாட்ட வேறு ஆள் இல்லை. மூதூரில் இருக்கும் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்து, அவர் வந்து நிற்பதாகச் சொன்ன பிறகு ஒப்பமிட்டார். ஐம்பது நிமிடம்.

திரும்பும் வழியில் அவசர சிகிச்சைப் பிரிவில் மறித்தார்கள். ஒரு முதியவர் மாத்திரையை மாறி விழுங்கியிருக்கிறார். எதை விழுங்கினார் என்று கேட்கவேண்டும். காது கேட்காது. கத்திக் கேட்கவேண்டும், தமிழில். இன்னொரு ஐம்பது நிமிடம், கொஞ்சம் கூட.

லக்சனா வாட்டுக்கு வந்தபோது ஒன்று முப்பத்தைந்து. பதினோராம் கட்டிலில் கனகரத்தினம் துவாயின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார். லொறிச் சாரதி. முதல்நாள் காலில் சத்திரசிகிச்சை. அவருடைய வலி ஊசி பூட்டிய அலுமாரியில் இருந்தது. சாவி லக்சனாவின் சட்டைப்பையில் இருந்தது.

"மூணு தரம் போன் அடிச்சேன்டி," என்றார் ஷிஃபானா. "அங்க கேட்டா இங்க வந்துட்டா எங்கிறாங்க. இங்க நீ இல்ல. சாவிய வச்சிட்டாவது போயிருக்கலாம்."

லக்சனா அலுமாரியைத் திறந்தார். ஊசியைப் போட்டார். டிக்கட்டை எடுத்தார்.

"பன்னெண்டு எண்டு போடு."

"போட்டா ஆறு மணிக்கு அடுத்த டியூட்டி அடுத்த ஊசியைப் போடும். ஆறு மணித்தியாலம் விடோணும். கிட்டக் கிட்டப் போட்டா மூச்சு அடங்கும்."

"அப்ப அவங்களுக்கு வாயால சொல்லிட்டுப் போ."

"வாயால சொன்னதெல்லாம் இஞ்ச எங்க நிண்டது?"

1.40 என்று எழுதினார்.

4.

அடுத்த பகுதியை வாசகர் நம்பமாட்டார் என்று நினைத்தேன். நான் எழுதியிருந்தால் நானும் நம்பமாட்டேன். லக்சனாவிடம் இரண்டு தரம் கேட்டேன். ஷிஃபானாவிடம் தனியாகக் கேட்டேன். மூன்று தரமும் ஒரே கதை.

மறுநாள் காலை சத்திரசிகிச்சை நிபுணர் வாட்டைச் சுற்றி வந்தார். நல்ல மனிதர். வந்து ஐந்து மாதம். தமிழ் படித்துக்கொண்டிருந்தார். "வலி இருக்கா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். அதற்கு மேல் வராது. கனகரத்தினம் அந்த இரண்டு சொல்லை நம்பி முழுவதையும் சொன்னார்.

"வலியோ? நேற்று மத்தியானம் எனக்கு ஊசி போட ஒரு சனம் வரேல்லை ஐயா. இந்தப் பிள்ளைதான் போடோணுமாம். இந்தப் பிள்ளை எங்கயோ போட்டுது. ரெண்டு மணித்தியாலம் அடிபட்ட நாய் மாதிரிக் கிடந்தனான். ஆரிட்டச் சொல்ல?"

டொக்டர் லக்சனாவைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

லக்சனா சிங்களத்தில் சொன்னார். நேற்று மத்தியானம் ஊசி நேரத்துக்குப் போடப்படவில்லை. இந்தத் தாதிதான் போடவேண்டியவர். இந்தத் தாதி எங்கேயோ போய்விட்டார். அடிபட்ட நாய் மாதிரிக் கிடந்தேன். யாரிடம் சொல்வது என்று கேட்கிறார்.

டொக்டர் டிக்கட்டைத் திறந்தார். 1.40 இருந்தது. கீழே கையொப்பமும் இருந்தது. அவர் மூடிவிட்டுப் பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போனார்.

எல்லோரும் போனபின் கனகரத்தினம் கேட்டார்: "பிள்ளை, நான் சொன்னதை அப்பிடியே சொன்னனியோ?"

"ஓம் ஐயா."

"நாயையுமோ?"

"ஓம்."

"நாயை விட்டிருக்கலாம்."

நான் லக்சனாவிடம் கேட்டேன்: "கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருக்க ஏலாதா?"

"குறைச்சா அது அவர் சொன்னது இல்லையே."

"உங்களைப் பற்றின முறைப்பாடு. நீங்களே சொல்லோணுமா?"

"வேற ஆர் அன்ரி அங்க நிண்டது?"

5.

வெள்ளிக்கிழமை நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. சிங்களத்தில். கடமை நேரத்தில் ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் வாட்டை விட்டு நீங்கியிருந்தது ஏன், நோயாளிக்கு மருந்து தாமதமானது ஏன். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம்.

லக்சனா சத்திரசிகிச்சைக்கூடத் தாதிகளுக்கான பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தார். மூன்றாவது முறை. இந்தமுறை பட்டியலில் பெயர் இருப்பதாகச் சொன்னார்கள். மாத முடிவில் பட்டியல் கொழும்புக்குப் போகும். விளக்கம் ஏற்கப்படாவிட்டால் அந்தக் கடிதம் அவருடைய பணிக் கோவையில், அதாவது ஃபைலில், கிடக்கும். கோவையில் அப்படி ஒரு தாள் கிடந்தால் பட்டியலில் பெயர் இராது. வயதெல்லை முப்பது.

கிறிஸ்டின் சிஸ்டர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

(இந்த இடத்தில் முதற்பிரதியில் சிஸ்டரைப் பற்றி ஒரு பந்தி இருந்தது. மெல்லிய உதடு, கண்ணாடிக்கு மேலால் பார்ப்பது, சாவிக்கொத்துச் சத்தம். அதை லக்சனா வாசித்தார்.

"ஆர் இது?"

"சிஸ்டர்."

"அவ இப்பிடி இல்லை. இருவது வருசம் அவதான் வாட் வாட்டா ஓடித் தமிழ் சொன்னவ. முழங்கால் ஏலாமப் போன பிறகுதான் நான் ஓடுறன். அவ ஓடினதையும் ஒருத்தரும் எழுதேல்லை."

பந்தியைக் கிழித்தேன். எனக்கு அது வசதியான பந்தி. கெட்டவர் ஒருவர் இருந்தால் கதை கெதியாக முடியும்.)

சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, ஒண்டு நாற்பது எண்டது கை தவறி எழுதினது எண்டு குடு. பன்னிரண்டுக்குத்தான் ஊசி போட்டனி. முடிஞ்சுது."

"கனகரத்தினம் ஐயா?"

"மருந்து மயக்கம். நேரம் தெரியேல்லை. இதெல்லாம் நடக்கிறதுதானே."

"அவர் நேரம் பாத்துக்கொண்டுதான் கிடந்தவர் சிஸ்டர். எதிர்ச் சுவரில மணிக்கூடு."

சிஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"என்னைப் போகச் சொன்னது நீங்கள்தானே."

"நான் இல்லை எண்டு சொன்னனானோ?" பிறகு மெதுவாக: "எனக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கு, பிள்ளை."

எட்டு மாதம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஓய்வுபெறும் நேரத்தில் ஒரு விசாரணையில் பெயர் வந்தால் கோவை நகராது. அப்படி நின்ற கோவைகளை நான் என் கையால் அடுக்கியிருக்கிறேன். இதை லக்சனாவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு நினைத்தேன். ஆனால் சொன்னேன்.

6.

மூன்று கடிதம் எழுதினேன். கதைக்கு மூன்று முடிவு எழுதுவதும் அதுவும் ஒன்றுதான்; ஒரு வித்தியாசம், கடிதத்தின் முடிவில் ஒருவர் வாழவேண்டும்.

ஒன்றில் கை தவறியது. சிஸ்டர் சொன்னபடி. அழகான கடிதம், அரைப் பக்கம். அது ஏற்கப்படும். லக்சனா பயிற்சிக்குப் போவார். சிஸ்டர் வீட்டுக்குப் போவார். கனகரத்தினம் பொய்யராவார், அது அவருக்குத் தெரியவும் வராது.

இன்னொன்றில் லக்சனா மன்னிப்புக் கேட்டார். யாருடைய பெயரும் இல்லை. "தவிர்க்க முடியாத காரணத்தால்" என்று எழுதினேன். முப்பத்தொரு வருடத்தில் அந்தச் சொற்களை எத்தனை தரம் எழுதினேன் என்று தெரியாது. அவற்றுக்குள் எதையும் ஒளிக்கலாம்.

மற்றதில் நடந்தது இருந்தது.

லக்சனா மூன்றையும் என் குசினி மேசையில் வைத்து வாசித்தார். ஷிஃபானா தேநீர் ஊற்றிக்கொண்டே தோளுக்கு மேலால் வாசித்தார்.

"முதலாவதக் குடுடி. ஒருத்தரும் சாகல்ல."

"ஐயா வலியில கிடந்தவர்."

"அதுக்கு என்ன செய்ய? திருப்பி வலிக்கவா?"

"நான் பன்னிரண்டு எண்டு எழுதினா, நான் அண்டைக்கு எங்கயும் போகேல்லை. அந்தப் பொம்பிளை தன்பாட்டில ஒப்பமிட்டவ. மற்ற அப்பு தன்பாட்டில மருந்தின்ர பேரைச் சொன்னவர். விளங்குதா? நான் போகவே இல்லை."

ஷிஃபானா தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தார். "விளங்குது," என்றார். "ஆனா நீ சொல்றது பயிற்சிக்குப் போனபிறகு சொல்லவேண்டிய கதை."

லக்சனா மூன்றாவது கடிதத்தை எடுத்தார். இரண்டு மாற்றம் சொன்னார். சாவியைக் கையளிக்காமல் போனது என்னுடைய பிழை என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். சிஸ்டரின் பெயர் வரும் வாக்கியத்தின் முடிவில் இன்னும் சில சொற்கள் சேர்க்கச் சொன்னார். அதையும் சேர்த்தேன். அது ஏழாவது வாக்கியம்.

"சிங்களத்தில மாத்தோணுமே," என்றேன். "எனக்கு அவ்வளவு வராது. நீங்கள்தான்..."

"இல்லை. தமிழிலயே போகட்டும்."

"அவைக்கு வாசிக்கத் தெரியாதே."

"எனக்கு வந்தது சிங்களத்தில. நான் வாசிச்சன். என்ரய அவை வாசிக்கட்டும். அதுக்கு அலுவலகத்தில ஒரு கதிரை இருக்குத்தானே."

7.

திங்கட்கிழமை கடிதம் போனது. புதன்கிழமை காலை பதினொன்றரைக்கு வாட்டில் தொலைபேசி அடித்தது. சிஸ்டர் எடுத்தார்.

இங்கிருந்து எனக்குத் தெரிந்தது ஷிஃபானா சொன்னது. அவர் பக்கத்தில் நின்று பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தார்.

பேசியது அலுவலகம்: ஒரு தமிழ்க் கடிதம் வந்திருக்கிறது. பணிப்பாளரும் மேட்ரனும் இருக்கிறார்கள். வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். வழக்கமாக லக்சனா மிஸ்ஸைக் கூப்பிடுவோம். ஆனால் இது அவருடைய கடிதம். வேறு யாராவது.

சிஸ்டர் வாட்டைப் பார்த்தார். ஷிஃபானாவின் சிங்களம் கடைக்குப் போகக் காணும், அவ்வளவுதான். மற்ற இருவருக்கும் அதுவும் இல்லை.

"நானே வாறன்," என்றார்.

லக்சனா மருந்துத் தள்ளுவண்டியோடு ஒன்பதாம் கட்டிலடியில் நின்றார். சிஸ்டர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து போனார். கதவு வரை போகவிட்டு லக்சனா கூப்பிட்டார்.

"சிஸ்டர்."

"என்ன பிள்ளை?"

"அதில உங்கட பேர் இருக்கு."

சிஸ்டர் நின்றார். வாட் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது என்று ஷிஃபானா சொன்னார். கனகரத்தினமும்.

"பிழையில்லாம எழுதினனியோ?"

"கச்சேரி அன்ரி எழுதினவ."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியில் ஒவ்வொரு காலாக இறங்கிப் போனார்.

8.

இதற்குப் பிறகு நான்கு பக்கம் எழுதினேன்.

"சிஸ்டர் கடிதத்தைக் கையில் எடுத்தார். ஆறாவது வாக்கியம் வரை"

"ஏழாவது வாக்கியம் வந்தபோது அவர் குரல்"

"அவர் அந்த வாக்கியத்தைத் தாண்டி எட்டாவதற்கு"

நான்கு பக்கத்தையும் விட்டுவிட்டேன். அந்த அறைக்குள் நான் இல்லை. சிஸ்டர் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. லக்சனா கேட்கவில்லை. பட்டியல் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். இதை எழுதும் நாள்வரை வரவில்லை. வந்தாலும் அதை வைத்து அறைக்குள் என்ன சொல்லப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. நல்ல கடிதம் தோற்பதும் கெட்ட கடிதம் வெல்வதும் நான் வேலை செய்த இடத்தில் சாதாரணம்.

இந்தக் கதையில் மிச்சமிருப்பது ஒரு வாக்கியம். அதை ஒருவர் மற்ற இருவருக்குச் சொல்லவேண்டும். முழுதாகச் சொல்லலாம். பெயரை விட்டுச் சொல்லலாம். சொல்லாமல் அடுத்ததற்குப் போகலாம். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வெளியே ஒருவருக்கு வயதெல்லைக்கு இன்னும் ஒரு வருடம். சொல்பவருக்கு ஓய்வுக்கு எட்டு மாதம்.

உங்களுக்குத் தமிழ் தெரியும். ஆகவே கடிதத்தை உங்கள் கையில் தருகிறேன். ஏழாவது வாக்கியம்:

"அன்று முற்பகல் 11.45 அளவில் என்னைப் பெண்கள் வாட்டுக்கு அனுப்பியவர் கிறிஸ்டின் சிஸ்டர்; அவர் அனுப்பியது சரி; அங்கே போக வேறு ஆள் இருக்கவில்லை, இன்றும் இல்லை."

மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள்.